நாலாவது ஆள்

குடும்பப் படம் எப்படி எடுப்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் எடுத்த குடும்பப் படங்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தேன். எடுத்த நேரத்தில் அத்தனை படங்களிலும் என் அக்கா நின்றிருந்தாள். மாட்டிய பிறகு ஒன்றில்கூட அவள் இல்லை. அவள் இந்த வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் நான்தான் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை எனக்கு. மகள் பிறந்தபோது ஒரு காமிரா வாங்கினேன். மற்றவர்கள் நாலு படம் எடுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். எனக்கு அது பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு, தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி வேறு. முகநூலில் ஒரு பக்கம் திறந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழில் ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்தேன். படிக்கிறவர்கள் அண்ணே, சார், மாஸ்டர் என்றெல்லாம் கூப்பிட்டார்கள். தொழிற்சாலையில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அதனால் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

குறிப்புகள் மோசமில்லை. லாயாங் லாயாங்கில் ரயில் எடுக்கப் போனால் ரயிலைத் துரத்தாதே, அது வரப்போகும் இடத்தில் ஒரு கல்லைப் பார்த்து முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு காத்திரு என்று எழுதினேன். பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்துக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடு, வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பழத்தின் கண் ஒவ்வொன்றும் எழும்பித் தெரியும், முழுக்கைச் சட்டை போடாமல் போனால் இலை கையைக் கீறிவிடும் என்று எழுதினேன். குழந்தையை எடுக்க வேண்டுமா, முட்டி போடு. சாப்பாட்டை எடுக்க வேண்டுமா, விளக்கை அணைத்துவிட்டுத் தட்டை ஜன்னல் பக்கம் கொண்டு போ. அந்தச் சாப்பாட்டுக் குறிப்புக்காக அக்கா சுட்டுப் போட்ட தோசைகள் என் காமிராவுக்கு முன்னால் ஆறி அப்பளமாகிப் போயின. அவள் மறுபடி சுட்டுக் கொடுத்தாள். இதெல்லாம் இன்றைக்கும் நான் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லாத குறிப்புகள். நான் நாசமாய்ப் போனது வேறொரு குறிப்பில்.

அதைச் சொல்வதற்கு முன்னால் மூன்று பேர் சமாச்சாரத்தைச் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் மட்டும் சேர்ந்து நின்று படம் எடுக்கக் கூடாது, நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என் மனைவி சிங்கப்பூரில் அலுவலக வேலை பார்ப்பவள், நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுபவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தலைகீழாக நின்றாலும் அவளை அசைக்க முடியாது. "அலமாக், மூணு பேரா நிக்கிறோம்" என்று பதறிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிடுவாள். நான் கேலி செய்வேன். ஆனால் மகளை நடுவில் நிறுத்திப் பார்த்த ஒரு நாள் எனக்கும் விரல் பொத்தானில் அழுந்தவில்லை. பிள்ளை விஷயத்தில் எதற்கு வீண் வம்பு என்று தோன்றியது. அதற்குப் பிறகு கேலியைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கணக்காக மூன்று பேர். நான், மனைவி, ஒரே மகள். ஆக, படம் எடுக்க வேண்டுமென்றால் நாலாவதாக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டிலேயே இருந்தாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் எங்கள் இருவருக்கும் பிறப்பு. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவள் அம்மாவோடு பால் மரம் வெட்டப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். என் படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, எனக்குக் கல்யாணமும் ஆனது. அவள் கல்யாணப் பேச்சை யார் எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. மகள் பிறந்து, மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. விடியுமுன் கிளம்பினால்தான் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்து நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். எனக்கோ ஷிஃப்ட் வேலை. அக்கா அப்போது குளுவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையலில் இருந்தாள். ஒரு ஃபோன் போட்டேன். மறுவாரம் இரண்டு பைகளோடு வந்து இறங்கிவிட்டாள். மகளின் முதல் பல்லையும், முதல் நடையையும், முதல் காய்ச்சலையும் அவள்தான் பார்த்தாள். நாங்கள் இருவரும் வீடு திரும்பியதும் நடந்ததைச் சொல்வாள்.

படம் எடுக்கும்போது நான் கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன். "அக்கா, வா, நாலாவது ஆள் வேணும்." அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே வருவாள். ஆரம்பத்தில் புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே திரும்புவாள். வெளிச்சம் போய்விடும் என்று நான் அவசரப்படுத்துவேன். நாளடைவில் அவளும் இருந்த கோலத்திலேயே வந்து நிற்கப் பழகிக்கொண்டாள். மனைவியும் மகளும் பட்டுப் பாவாடை, புடவையில் மினுமினுப்பார்கள், ஓரத்தில் அக்கா பூப்போட்ட நைட்டியில் நிற்பாள். நான் டைமரை அமுக்கிவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொள்வேன். அந்த நாட்களின் படங்களில் நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். மகள் எப்போதும் அத்தையின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள். சுவரில் மாட்டியிருந்தால் அவைதான் என் நல்ல படங்கள். ஆனால் எனக்கு அப்போது படக்கலை தெரிந்துபோய்விட்டது.

மூன்று தலைகள் ஏற்ற இறக்கமாக நின்றால் முக்கோணமாக அமைந்து பார்க்க அழகாக இருக்கும். நாலாவது தலை வந்தால் அது குலைந்துவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் குடும்பப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பூப்போட்ட நைட்டி என் கண்ணை உறுத்தியது. ஒரு தீபாவளிப் படத்தைக் கணினியில் திறந்து, வலது ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். படம் அப்படியே எழுந்து நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று பேராக இருக்கிறதே என்று முகம் சுளித்தாள். எடுத்தது நாலு பேரை, ஆகாது என்பது எடுப்பதற்குத்தான், எடுத்த பிறகு வெட்டினால் தோஷமில்லை என்று விளக்கினேன். பிறகு சரி என்று தலையாட்டினாள். என் சாமர்த்தியத்தை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். அக்கா சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. வெட்டுவதில் ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. அக்கா ஒட்டி நின்றால் அவளுடைய தோளோ விரலோ மகளின் மேல் மிஞ்சிவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். டைமரை அமுக்குவதற்கு முன்னால், "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. ஒரு சாண் இடம் விடு" என்பேன். நகர்வாள். "இன்னும் கொஞ்சம்" என்பேன். இன்னும் நகர்வாள். ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, படம் எடுக்கிற விஷயத்தில் தம்பிக்குத் தெரியாததா என்று விட்டிருப்பாள். மகள்தான் படுத்துவாள். அத்தையின் கையை விடவே மாட்டாள். நேராக நில் என்று அவளை அதட்டியிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதை நினைத்தால் இப்போது அவமானமாக இருக்கிறது.

வெட்டிய படங்கள் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் ஏறின. அக்காதான் வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பாள். எனக்கு அதில் எந்த உறுத்தலும் இருக்கவில்லை. அவளுக்கும் இருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மகள் கல்லூரிக்குப் போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த உத்தியையே குறிப்பாக எழுதினேன். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் நிற்கக் கூடாது என்கிறார்களா, சண்டை போடாதீர்கள், யாரையாவது நாலாவதாகக் கூப்பிட்டு ஓரத்தில் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள், பிறகு வெட்டிவிடுங்கள், வழக்கமும் கெடாது, படமும் கெடாது. இப்படி எழுதிவிட்டு, எடுத்த படத்தையும் வெட்டிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். எங்கே வெட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் புரியட்டும் என்று முதல் படத்தில் ஒரு சிவப்புக் கோடு வேறு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர், அந்தப் பக்கம் அக்கா.

அதுவரை நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. "பெஸ்ட் லா அண்ணே", "இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே" என்று வரிசையாக எழுதினார்கள். ஒருவர் தன் மாமியாரை வெட்டிய படத்தைப் போட்டுச் சிரிப்புப் பொம்மை வைத்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை.

என் பக்கத்தில் செம்பருத்தி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். முகத்துக்குப் பதிலாகவும் செம்பருத்திப் பூப் படம்தான். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அதிகம் பேச மாட்டார். நான் ஒரு குறிப்பு எழுதினால், இரண்டு மூன்று நாள் கழித்து அதன்படி எடுத்த படம் ஒன்றைக் கீழே போடுவார். பாகல் பூ, வெண்டைப் பிஞ்சு, மழை நின்ற பிறகு வாழை இலை, இப்படி. முதலில் எல்லாம் மங்கலாக இருக்கும். போகப் போகத் தெளிந்தது. வெளிச்சத்துக்கு எதிரில் இலையைப் பிடித்து நரம்பு தெரிய எடுத்த படத்தைப் பார்த்து, உங்களுக்கு வெளிச்சம் பிடிபட்டுவிட்டது என்று மனதாரப் பாராட்டியிருக்கிறேன். மாஸ்டர் என்று கூப்பிடும் பலரைவிட இவர்தான் சொன்னதைச் செய்து பார்ப்பவர் என்று மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கோட்டுக் குறிப்புக்கு இரண்டு நாள் கழித்துச் செம்பருத்தி படம் எதுவும் போடவில்லை. ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார். "ஓரத்துல நிக்கிறவங்க முகம் மட்டும் ஏன் அகலமா இழுத்த மாதிரி வருது? அவங்க பாக்கறதுக்கே அப்படித்தான் இருப்பாங்களா?"

நல்ல கேள்வி. கேள்வி கேட்டால் எனக்குச் சர்க்கரை சாப்பிட்ட மாதிரி. கூடம் சின்னதாக இருந்தால் எல்லாரையும் அடக்குவதற்கு வைட் லென்ஸ் போடுகிறோம், அது நடுவில் இருப்பவரை ஒன்றும் செய்யாது, ஓரத்தில் இருப்பவரை மட்டும் இழுத்து அகலமாக்கிவிடும், அது நிற்பவருடைய குறை இல்லை என்று நீளமாக விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் இப்படி முடித்தேன்: "அதனால முக்கியமானவங்கள நடுவுல நிக்க வைங்க. ஓரத்துல யாரு நின்னா என்ன, வெட்டத்தானே போறோம்." அதற்குப் பக்கத்தில் நானும் ஒரு சிரிப்புப் பொம்மை வைத்தேன்.

செம்பருத்தி அதற்கு ஒரு லைக் போட்டார். "நன்றி. புரிஞ்சுது" என்று எழுதினார். அதற்குப் பிறகு என் பக்கத்துக்கு வரவே இல்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அக்கா ரெங்கத்துக்கே போகப்போவதாகச் சொன்னாள். தோட்டத்தில் அவளோடு சின்ன வயதிலிருந்து பழகிய ஒரு பெண் அங்கே தனியாக இருக்கிறாள், அவள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, பக்கத்திலேயே நாற்றுப் பண்ணை ஒன்றில் வேலையும் கேட்டு வைத்துவிட்டேன் என்றாள். ஏன் என்று ஒப்புக்கு ஒரு முறை கேட்டேன். "பிள்ளை வளர்ந்துட்டா. இனி எனக்கு இங்க என்ன வேலை இருக்கு?" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மனைவிதான் இரண்டு நாள் அழுதாள், மகள் கல்லூரியிலிருந்து ஃபோன் செய்து என்னிடம் கோபப்பட்டாள். நான் அக்காவைக் காரில் கொண்டு போய் விட்டேன். வழி முழுக்கப் புதிதாக வாங்கப்போகும் லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். அவள் நடுநடுவே கேள்வி கேட்டாள். இவளுக்கு எப்படி இதெல்லாம் புரிகிறது என்று ஒரு நொடி ஆச்சரியப்பட்டதாக ஞாபகம். ஆனால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த வாரமே அவள் அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளைத் துணி கட்டி, இரண்டு விளக்குகள் வைத்து என் படக்கூடமாக மாற்றிவிட்டேன். கேக் செய்து விற்கிறவர்கள், நகை செய்கிறவர்கள் எல்லாம் படம் எடுக்க வர ஆரம்பித்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அக்கா வந்தாள். அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். கட்டிலும் இல்லை, அலமாரியும் இல்லை. "நல்லாருக்கு தம்பி. காலையில இந்த ஜன்னல்ல வெளிச்சம் நல்லா வரும்" என்றாள். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிப் போனாள்.

போன வருடம்தான் எல்லாம் வெளியே வந்தது. மகள் படிப்பு முடித்து ஜொகூர் பாருவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல் புலம்பிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் யாரும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வதில்லை, முன்னெல்லாம் செம்பருத்தி என்று ஒருவர் வருவார், எவ்வளவு அக்கறை, திடீரென்று காணாமல் போய்விட்டார் என்றேன்.

"அப்பா, அது அத்தைதான். என் பழைய ஃபோனைக் குடுத்து நான்தான் அக்கவுண்ட் திறந்து குடுத்தேன். நல்லா எடுக்கக் கத்துக்கிட்டு அப்புறமா உங்ககிட்ட காட்டலாம்னு இருந்தாங்க. இவ்ளோ நாளுக்கு அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

அவள் சொல்லி முடித்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. பக்கத்தைக் கீழே தள்ளித் தள்ளித் தேடினேன். சிவப்புக் கோடு போட்ட படம் அப்படியே இருந்தது. அதன் கீழே அக்காவின் கேள்வி, அதன் கீழே என் பதில், என் சிரிப்புப் பொம்மை, அவள் போட்ட லைக். தன் முகத்தைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். நான் அப்படித்தான் இருப்பேனா தம்பி என்று கேட்டிருக்கிறாள். உன் குறை இல்லை அக்கா என்று பாதி பதிலில் சொல்லிவிட்டு, மீதியில் நீ முக்கியமில்லை என்றும் நானே சொல்லியிருக்கிறேன். மகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

நான் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. வெட்டுவதற்கு முந்தைய படங்கள் எல்லாம் கணினியில் ஒரு கோப்புறையில் கிடந்தன. மனைவியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லாவற்றிலும் அக்கா இருந்தாள். எல்லாவற்றிலும் நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன தூரத்தில், சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு படத்தில் மகளின் கை அந்த இடைவெளிக்குள் நீண்டிருந்தது, அக்கா தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூணு பேர் கதையை ஆரம்பித்தது நான்தானே என்று மனைவி கண்ணைத் துடைத்தாள். அவள் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது நாலு பேர். வெட்டச் சொன்னது யாரும் இல்லை.

சுவரிலிருந்த படங்களைக் கழற்றினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இப்போது கணினியில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலைமை. ஒரு படத்தை எடுத்து, அக்காவை எங்கள் பக்கம் பார்க்கும்படி இடம் வலமாகத் திருப்பி, நகர்த்தி எங்களோடு ஒட்டி நிறுத்தினேன், இழுபட்ட முகத்தைச் சரி செய்தேன், நைட்டியைக்கூட நீலப் புடவையாக மாற்றினேன். பார்க்க அசல் போலவே இருந்தது. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, ரெங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பண்ணையில் கறுப்புப் பைகளில் நாற்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. அக்கா நடுவில் குனிந்து உரம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டு வந்தாள். படத்தை நீட்டினேன். வெளிச்சம் பட்டுப் பளபளக்காதபடி கொஞ்சம் சாய்த்துப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க மூணு பேருக்கும் நிழல் இந்தப் பக்கம் விழுந்திருக்கு. எனக்கு மட்டும் அந்தப் பக்கம்" என்றாள். பிறகு சொன்னாள், "அன்னிக்கு நான் இங்க நிக்கலையே, தம்பி."

நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார், படத்தின் பொய் அங்கேதான் தெரியும் என்று ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதியவன் நான்தான். தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா, எல்லாம் தெரிந்துவிட்டது, மன்னித்துவிடு என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பரவாயில்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள், நான் விரும்பிச் சாப்பிடும் நெத்திலிச் சம்பலும் இருந்தது. இன்னும் படம் எடுக்கிறாயா என்று நான் கேட்டபோது தயங்கித் தயங்கி ஃபோனைக் கொடுத்தாள். நூற்றுக்கணக்கில் படங்கள். பூ, காய், இலை, நாற்று. மனிதர்கள் ஒருவர்கூட இல்லை. கிளம்பும்போது நான் கொண்டு போன படத்தை ஒரு துணியில் சுற்றி என் கையிலேயே கொடுத்தாள்.

இந்த வருடம் மகளுக்குப் பரிசம் போட்டோம். வீட்டில்தான் வைத்தோம். எல்லாரும் வருவதற்கு முன்பே நான் மனதுக்குள் படத்தை அமைத்துவிட்டேன். அக்கா நடுவில், மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இருவரும் இரண்டு பக்கத்தில். இந்த ஒரு படம் ஒழுங்காக அமைந்துவிட்டால் அவள் மறுபடி வீட்டோடு வந்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. படக்கூடத்து வெள்ளைத் துணியை அவிழ்த்து, கட்டிலைக்கூடத் திரும்பப் போட்டு வைத்திருந்தேன். அக்கா காலையிலேயே வந்தாள். அழகான புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். வந்ததும் நேராக அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அந்த அறையை எட்டிப் பார்க்கவில்லை.

சடங்கு முடிந்ததும் முக்காலியை நிறுத்தி, காமிராவை வைத்து, டைமரையும் சரி செய்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வா. நடுவுல வந்து நில்லு."

அவள் வந்தாள். நடுவுக்கு வரவில்லை, காமிராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ போய் நில்லு தம்பி. நான் எடுக்கறேன்" என்றாள். வேண்டாம் அக்கா என்று நான் மறுத்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி பதறிக்கொண்டு சொன்னாள். "அண்ணி, நாங்க மூணு பேரு ஆயிடுவோமே. நீங்க வந்து நில்லுங்க." அவள் ஆசையாகத்தான் கூப்பிட்டாள். பழக்கத்தில் அந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

அக்காவின் முகம் மாறவில்லை. வாசல் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கை காட்டினாள்.

"மாப்பிள்ளைய கூப்பிடுங்க. இனிமே நாலாவதுக்கு அவர் இருக்காருல்ல."

அவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். மகள் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முக்காலியிலிருந்து காமிராவைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வைட் லென்ஸ் வேண்டாம் என்று அடுத்த லென்ஸைக் கேட்டு வாங்கி, கூடத்தில் இடம் போதாமல் சமையலறை வாசல் வரைக்கும் பின்னால் போனாள். எங்களை ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பச் சொன்னாள். என்னை மட்டும் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னாள். இரண்டு தடவை அமுக்கினாள், திரையில் பார்த்தாள், போதும் என்று காமிராவை என் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடப் போய்விட்டாள். அன்று மாலையே ரெங்கத்துக்குக் கிளம்பினாள். இரு அக்கா, உன் அறை அப்படியே இருக்கிறது என்று இந்த முறை நான் சொன்னேன். பண்ணையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அக்கா எடுத்ததில் ஓரத்தில் நிற்பது நான். என் முகம் இழுபடவில்லை. வெளிச்சம் நாலு பேர் முகத்திலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. இவ்வளவு வருடங்களில் இந்த வீட்டில் எடுத்த படங்களில் அதுதான் ஆக நல்ல படம். அன்றைக்கு எடுத்த மற்றப் படங்களையும் முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அக்கா ஒன்றிலும் இல்லை. இந்த முறை நான் யாரையும் வெட்டவில்லை. அவளே வந்து நிற்கவில்லை.